நெஞ்சில் ஓர் ஆலயம்: 9 வயதில், 21 வயதில், 46 வயதில். இப்போது அவரோடு பார்க்கலாமா?

பெரம்பூர்க்காரி:

முதலில் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன், கதை அப்புறம். என் கணவர் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பார்த்ததில்லை. 1962-இல் ஸ்ரீதர் எடுத்த படம். புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக்கு வரும் வேணுவுக்கு (முத்துராமன்) ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் முரளி (கல்யாண்குமார்), வேணுவின் மனைவி சீதாவை (தேவிகா) முன்பு காதலித்தவர். 2019-இல் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை, அவ்வளவுதான். அந்தப் படத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பார்க்கலாமா, வேண்டாமா? இதுபோல ஒரு படத்தோடு வயது வயதாக வாழ்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

படத்தை நான் முதலில் பார்த்தது 1982-இல், 9 வயதில். அப்பாவுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, எங்களுக்குக் குடியிருப்பில் வீடு. பக்கத்து வீட்டில் மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டி.வி. ஞாயிற்றுக்கிழமை மாலை தூர்தர்ஷனில் படம் போட்டால் அந்த வீட்டுத் தரையில் இருபது பிள்ளைகளாவது இருப்போம். அன்று எனக்குப் படத்தில் இரண்டே பேர்தான். நாகேஷ், அப்புறம் குட்டி பத்மினி. என் வயதை ஒத்த ஒரு பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதையே என்னால் தாங்க முடியவில்லை. ‘முத்தான முத்தல்லவோ’ பாட்டு வந்ததும் அழுதுவிட்டேன். டாக்டரும் அந்த அம்மாவும் ஏன் ஒருவரையொருவர் பார்க்காமலே பேசிக்கொள்கிறார்கள் என்று புரியவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டவர் பிழைத்து, செய்த டாக்டர் செத்துப்போனது எனக்குப் பெரிய குழப்பம். ராத்திரி பாட்டியிடம் கேட்டேன். “தூங்காம கொள்ளாம படிச்சா அப்படித்தான். நீ தூங்கு” என்றாள்.

இரண்டாவது முறை 1994. எனக்கு 21. நானும் ஒருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். அவர்கள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, அவரும் வீட்டை மீறவில்லை. தோழி ஒருத்தி என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிப் போய், மனசு மாறட்டும் என்று கேசட் எடுத்து வந்து போட்டாள். பழைய படம், நாகேஷ் காமெடி நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். ‘எங்கிருந்தாலும் வாழ்க’ பாட்டு வந்ததும் டேப்பைப் பின்னால் ஓட்டி ஓட்டி நான்கு முறை கேட்டேன். அன்று நான்தான் டாக்டர் முரளி. கல்யாண்குமாரின் அந்த முகம் என் முகமாகவே தெரிந்தது. கட்டிலில் படுத்திருந்த முத்துராமன் எனக்கு ஒரு தடங்கல். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த ஆபரேஷன் தோற்றுப்போனால் என்ன என்று நினைத்தேன். சீதா மேல் அதைவிடக் கோபம். பழகியவரை மறந்துவிட்டு ஒரு பெண்ணால் எப்படி இவ்வளவு சீக்கிரம் இன்னொருவருக்காக அழ முடிகிறது?

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. நடந்ததையெல்லாம் பெண் பார்க்க வந்த அன்றே இவரிடம் சொல்லிவிட்டேன். “சரி, அதுக்கென்ன” என்றார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

மூன்றாவது முறை 2019, ஆஸ்பத்திரியில். மறுநாள் காலை ஆபரேஷன். சாயங்காலம் அவர் ஒரு பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னார். பாங்க் பாஸ்புக் எங்கே, காப்பீட்டுப் பத்திரம் எங்கே, பி.எஃப். பணத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும், யாருக்கு எவ்வளவு பாக்கி. நான் எழுதிக்கொண்டேன். எல்லாம் முடிந்ததும் டைரியை மூடிவிட்டு, “உனக்கு வயசு ஒண்ணும் ஆகல. எனக்கு ஏதாவது ஆனா தனியா இருக்காதே. யாரும் என்ன சொல்லுவாங்கன்னு பார்க்காதே” என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. “வாயை மூடுங்க” என்றேன். 23 வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. அவர் தூங்கிய பிறகு கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து, காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு போனில் அந்தப் படத்தைத் தேடினேன். தேடியது ஒரே ஒரு பாட்டுக்காகத்தான். முழுப் படமும் பார்த்துவிட்டேன்.

வேணு சீதாவிடம் கேட்கும் இடம் உங்களுக்குத் தெரியும். தான் பிழைக்காவிட்டால் முரளியைக் கல்யாணம் செய்துகொள் என்கிறான். அப்புறம் சுசீலாவின் ‘சொன்னது நீதானா’. வானொலியிலும் டி.வி.யிலும் அதைச் சோகப் பாட்டு வரிசையில்தான் வைப்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறேன். அன்று ராத்திரி அது சோகப் பாட்டாக இல்லை. சண்டையாக இருந்தது. புருஷனை ‘நீங்க’ என்று கூப்பிடுகிற ஒருத்தி ‘நீ’ என்று கேட்கிறாள். பாட்டில் ‘நீ’ வருவது வழக்கம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் சாயங்காலம் என் வாயிலிருந்து வந்ததும் அந்த ‘நீ’க்குப் பக்கத்தில் இருந்த ஒன்றுதான். என்னோடு இத்தனை வருடம் இருந்துவிட்டு, இந்த வார்த்தையைச் சொன்னது நீயா? அந்தச் சிதார் முடியும்வரை என் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. 21 வயதில் நான் கோபப்பட்ட அதே சீதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

வேணு அப்படிக் கேட்டது சரியா? 9 வயதில் அந்தக் கேள்வியே எனக்கு இல்லை. 21-இல், கேட்டானே மகராசன் என்று நினைத்தேன். 46-இல், எப்படிக் கேட்கலாம் என்று கொதித்தேன். இப்போது எனக்கு 52. அவரோடு சேர்ந்து பார்த்தால் ஒருவேளை தெரியும் என்று தோன்றுகிறது. ஆனால் அவருக்கு அந்தக் கட்டிலும் அந்த ஆஸ்பத்திரி வாசனையும் திரும்ப வந்துவிடுமோ என்று பயம். நிஜ ஆஸ்பத்திரியில் எடுத்த படம் வேறு.


வைகைக்கரை:

அம்மா, நான் 1944-இல் பிறந்தவன். அந்தப் படம் வந்தபோது எனக்கு 18 வயது, மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு சிறு திருத்தம். அது நிஜ ஆஸ்பத்திரி இல்லை, செட். ஸ்ரீதர் அதற்கு முந்தைய வருடம்தான் ‘தேன் நிலவு’க்காகக் காஷ்மீர்வரை போய் வந்திருந்தார். ஏரியும் படகும் பனிமலையும் காட்டியவர், 1962-இல் ஒரே ஒரு ஆஸ்பத்திரி செட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். மொத்தப் படத்தையும் ஒரு மாதத்துக்குள் முடித்தார் என்பது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. சிவாஜி இல்லை, எம்.ஜி.ஆர். இல்லை, ஜெமினிகூட இல்லை. ‘கல்யாண பரிசு’ எடுத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நாங்கள் போனோம். உங்களுக்கு நிஜ ஆஸ்பத்திரியாகத் தெரிந்தது வின்சென்ட்டின் கேமரா. ஜன்னல் வெளிச்சம் கட்டிலில் விழுவதைப் பார்த்தாலே அது எந்த நேரம் என்று சொல்லிவிடலாம்.

18 வயதில் நானும் முரளிதான். எங்கள் விடுதியில் எல்லோருமே முரளிதான். ஏ.எல். ராகவன் பெரும்பாலும் துள்ளலான பாட்டும் வேடிக்கைப் பாட்டும் பாடியவர். அவர் குரலிலிருந்து ‘எங்கிருந்தாலும் வாழ்க’ வந்தது எங்களுக்கு அதிர்ச்சி. ராத்திரி மொட்டை மாடியில் யாராவது ஒருத்தன் ஆரம்பிப்பான், மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். வாழ்த்துவதற்கு எங்களில் பாதிப் பேருக்கு ஒரு பெண்ணே கிடையாது. அதனால் என்ன, அந்தப் பாட்டைப் பாடினால் நாங்கள் கொஞ்சம் பெரிய மனிதர்கள் ஆகிவிட்டதுபோல இருக்கும்.

அடுத்த வருடமே ஸ்ரீதர் அதை இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ என்று எடுத்தார். மீனாகுமாரி, ராஜ்குமார், ராஜேந்திரகுமார். வேலை கிடைத்து வடக்கே போனபோது பார்த்தேன். மீனாகுமாரி பெரிய நடிகை, மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தேவிகாதான். தேவிகா அழுவதற்கு முன்னால் ஒரு நொடி அடக்குவார் பாருங்கள், அந்த ஒரு நொடிதான் எனக்கு அந்தப் படம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் மனைவி 2016-இல் போய்விட்டாள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை நெஞ்சுவலி வந்து படுத்திருந்தேன். நானும் உங்கள் கணவர் மாதிரியேதான் சொன்னேன். எனக்கு 60 தாண்டியிருந்ததால் கல்யாணம் என்றெல்லாம் சொல்லவில்லை. “பையன் வீட்டுக்குப் போயிடு, இந்த வீட்டை வித்துடு, என்னை நினைச்சுக்கிட்டு இங்கேயே உட்காராதே” என்றேன். அவள் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா, அப்படிச் சொல்கிற ஆண்பிள்ளைக்கு வேண்டியதே அந்தத் திட்டுதான். முடியாது என்று அவள் சொல்வதைக் கேட்கத்தான் அவன் அதைச் சொல்கிறான். சொல்லும்போது அது அவனுக்கே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. வேணுவும் அதற்குத்தான் கேட்டான் என்பது என் எண்ணம். பெருந்தன்மை என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் எனக்குப் பயம் தெரிகிறது. முத்துராமன் அந்த இடத்தில் குரலை உயர்த்தவே மாட்டார். 1981-இல் அவர் ஊட்டியில் திடீரென்று இறந்துபோனார் என்று செய்தி வந்தபோது என் நினைவுக்கு வந்தது அந்தக் குரல்தான்.

சேர்ந்து பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.


இரவு ஷிஃப்ட்:

அக்கா, நான் 17 வருடமாகப் புற்றுநோய் வார்டில் நர்ஸ். நீங்கள் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை எழுதியதைப் படித்ததும் எங்கள் வார்டே கண் முன்னால் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நான் ரவுண்ட் போகும்போது ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் ஒருவர் பாயில் இருப்பார். பாதிப் பேர் முகத்தில் போன் வெளிச்சம். பக்திப் பாட்டு, சீரியல், பழைய படம். என்ன பார்க்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன், ஆனால் நினைத்துக்கொள்வேன்.

படிக்கும்போது இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு விடுதியில் எல்லோரும் முரளி டாக்டருக்காக அழுதோம். இப்போது பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தூங்காமல் கொள்ளாமல் இருந்த டாக்டரைக் கத்தியைத் தொட விடுவேனா நான்? போய்ப் படுங்கள் டாக்டர் என்று பிடித்துத் தள்ளியிருப்பேன். பழைய காதலியின் கணவருக்கு அவரே ஆபரேஷன் செய்வதும் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்காது, இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரு நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பதையே அறுவை சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு என்று மூன்று பிரிவு டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சீதாவுக்கு வருகிற சந்தேகம் நிஜம். இந்த மனுஷன் என் புருஷனை ஒழுங்காகப் பார்ப்பாரா என்று எல்லா மனைவிகளும் டாக்டர் முகத்தைப் பார்க்கிறார்கள். பழைய காதல் இருந்தால்தான் என்று இல்லை.

பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பாருங்கள், ஆனால் எப்போது என்று யோசியுங்கள். பரிசோதனைக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் வேண்டாம். வெளியே சிரித்துக்கொண்டு இருப்பார்கள், உள்ளே தூக்கம் இருக்காது. ஐந்து வருடம், பத்து வருடம் ஆனவர்களும் அந்த வாரத்தில் அப்படித்தான் வருகிறார்கள். ரிசல்ட் கைக்கு வந்து, நல்லபடியாக ஒரு மாதம் போகட்டும். பகலில் பாருங்கள். ராத்திரி வேண்டாம். நடுவில் எழுந்து போனால் கூப்பிடாதீர்கள்.


பாதி ராத்திரிப் பாட்டு:

வணக்கம் அம்மா. எனக்கு 24 வயது. ‘சொன்னது நீதானா’ எனக்குப் போனில் அரை நிமிடத் துண்டாகத்தான் வந்தது. யார் படம், யார் இசை எதுவும் தெரியாது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி, கண்ணதாசன் என்று தேடித் தெரிந்துகொண்டு, முழுப் படத்தையும் முதலில் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். பாதியில் அது தப்பு என்று தெரிந்து, முதலிலிருந்து சரியான வேகத்தில் பார்த்தேன். இந்தப் படத்தில் பேசாமல் இருக்கிற நேரம்தான் நிறைய. வேகமாக ஓட்டினால் அது போய்விடுகிறது.

பெரியவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும். வேணுவின் பயம் புரிகிறது. முரளியின் தியாகமும் புரிகிறது. ஆனால் ஒருவர் சீதாவைக் கொடுக்கிறார், ஒருவர் வாங்காமல் உயிரை விடுகிறார். சீதா யார் கையிலாவது கொடுக்கப்பட வேண்டிய பொருளா? உனக்கு என்ன வேண்டும் என்று படம் முழுக்க ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு இந்தப் படம் பிடிக்கும். பிடித்ததால்தான் இது குத்துகிறது. 46 வயதில் பார்த்தால் இது தெரியாமல் போய்விடுமா?


பெரம்பூர்க்காரி:

தம்பி, தெரியாமல் போகாது. நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் சீதா அந்தப் பாட்டில் கேட்கிறாள் என்று நினைக்கிறேன். நான் சண்டை என்று சொன்னது அதைத்தான். என்ன வேண்டும் என்று கேட்காமல் நீயாக எப்படி முடிவு செய்தாய்? பாட்டு முழுக்க அவள் அதையே கேட்கிறாள். வேணுவிடம் பதில் இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

ஐயா, செட் என்று சொன்னதற்கு நன்றி. இத்தனை வருடமும் சென்னையில் எந்த ஆஸ்பத்திரி அது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன்.

தங்கச்சி, நீ சொன்னபடியே செய்கிறேன். அவருக்குப் பரிசோதனை அடுத்த மாதம்தான். அது முடியட்டும்.


பெரம்பூர்க்காரி (மூன்று மாதம் கழித்து):

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. தங்கச்சி சொன்ன ஒரு மாதத்தையும் விட்டு, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு டி.வி.யில் போட்டேன். என்ன படம் என்று அவர் கேட்கவில்லை. பெயர் வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாகேஷுக்கு நன்றாகச் சிரித்தார். வேணு கட்டிலில் சாய்ந்து சீதாவிடம் பேச ஆரம்பித்ததும் எனக்கு இங்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் பக்கம் திரும்பவே பயம். திரையைப் பார்த்தபடியே அவர்தான் சொன்னார்: “இதை நான் பார்த்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. நீ கீழே உட்கார்ந்து போன்ல பார்த்துக்கிட்டிருந்தே. உன் தோளுக்கு மேல எனக்குப் படம் மட்டும் தெரிஞ்சுது. சத்தம் இல்லை. அவன் கட்டில்ல படுத்துக்கிட்டு ஏதோ சொல்றான், அந்தப் பொண்ணு அழுகுறா. நீ அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தே.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன் என்பதே எனக்கு நினைவில்லை. அவர் ரிமோட்டை வாங்கி, பாட்டின் தொடக்கத்துக்கு ஓட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு, “காபி போடவா?” என்று எழுந்தார். போடுங்கள் என்றேன். அதற்குள் பேத்தி தூங்கி எழுந்துவிட்டாள். மீதிப் படம் வரும் ஞாயிற்றுக்கிழமை.